பதினைந்து மீட்டர் தள்ளி

போத்தி துறைமுகத்தில் இறங்கி
ஒரு ராத்திரி லாரியில் வந்தது.
ருஸ்தாவியில், மூடிக்கிடக்கும் எஃகு ஆலைக்குப் பின்னால்
எங்கள் கொட்டகை.
காரை உரித்து விற்றுவிட்டான் நுக்ஸாரி,
கதவு ஒருவனுக்கு, கண்ணாடி ஒருவனுக்கு.
வயிற்றை மட்டும் என்னிடம் தள்ளினான்:
"பார்த்துச் சொல், சிசானா.
மலைமேல் ஆஸ்பத்திரிக்கு வேண்டுமாம்."

இடது கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது என் வழக்கம்.
இரண்டு கையும் தொட்டால்
நடுவில் இதயம் இருக்கிறது.
முந்நூற்று அறுபது வோல்ட்டுக்கு
அதுவும் ஒரு கம்பி.
மோதிரம் ஆணியில். கடிகாரம் ஆணியில்.
கையுறைக்குள் ஊதிப் பார்க்கிறேன்,
ஊசித்துளை இருந்தால் மூச்சு காட்டிக்கொடுக்கும்.

செத்த வண்டி என்கிறார்கள்.
வண்டிதான் செத்தது.
நீறு பூத்த நெருப்பு என்று சொல்லலாம்,
ஆனால் நீறாவது ஓர் அடையாளம்.
இதன்மேல் தகரமும் ஒரு பார்கோடும்.

கணினியைச் சொருகினேன்.
கடவுச்சொல் கேட்டது.
நான்கு பூஜ்யம் அடித்தேன், திறந்தது.
யார் அடித்தாலும் திறக்கும்.
யாரோ அடித்தும் இருக்கிறார்கள்:
ஆரோக்கியம் எண்பத்தொரு சதவீதம்,
வயது ஆறு வாரம்.
ஆறு வாரப் பிள்ளைக்கு
ஆணித்தலையில் ஏது துரு?

பழைய கணக்கை அழித்தவன்
ஒரு மூலையை மறந்திருந்தான்.
இரவு பதினொன்று நாற்பதுக்கு மின்னேற்றம்,
காலை ஏழுக்குக் கழற்றல்,
சனிக்கிழமைகளில் கிடையாது.
வீடு இருக்கும் இடம்கூட இருந்தது, துல்லியமாக,
ஆறு தசமத்தில்.
முன்பின் தெரியாத ஒருவர் வாசலில்
செருப்பைக் கழற்றாமல் நின்றேன்.
ஆகஸ்ட் இருபத்தெட்டாம் இரவோடு கணக்கு நின்றது.

மூடியைத் திறந்தேன்.
பதினேழாம் மாட்யூலின் செப்புப் பட்டையில்
வெள்ளையாய் ஒரு கோடு.
கடல் வந்து போன உயரம்.

"துடைத்தால் போய்விடும்" என்றான் நுக்ஸாரி.
"வோல்ட் சரியாகத்தானே இருக்கு?"
சரியாகத்தான் இருந்தது.
சிக்கலே அதுதான்.
"எத்தேரி நேற்றும் கேட்டாள்,
கரண்ட் போனால் தடுப்பூசி கெட்டுவிடுமாம்."
தெரியும்.
கீழே தடுப்பூசி, மேலே பிரசவ அறை,
மரத்தளம், ஒரே படிக்கட்டு.
அதையும் எத்தேரிதான் சொன்னாள்.

ஃபோர்க்லிஃப்டில் தூக்கி வெளியே வைத்தேன்,
பதினைந்து மீட்டர் தள்ளி,
மூன்று பக்கம் கான்கிரீட்.
தரையில் மஞ்சள் கோடு ஒன்று இழுத்தேன்.
காலையும் மாலையும் வெப்பம் அளந்தேன்.
காற்று என் பக்கம் திரும்பும்போதெல்லாம்
நெயில் பாலிஷ் நெடி அடிக்கிறதா என்று
மூக்கு தானாகத் தேடியது.

பத்தொன்பது நாள்.
ஒன்றும் நடக்கவில்லை.
பனி பெய்தது.
ஒரு பூனை அதன்மேல் சுருண்டு தூங்கியது.
சூடாகிறதோ என்று பதறி
கருவியை நீட்டினேன்.
பூனைதான் சூடு.

நுக்ஸாரி வாய் திறக்கவில்லை.
கடன் நோட்டை மட்டும் மேஜையில்
விரித்தே வைத்திருந்தான்.

இருபதாம் நாளும் கையெழுத்துப் போடவில்லை.
கதை தெரிந்த இரண்டு வண்டிகளிலிருந்து
ஒன்பது மாட்யூல் பொறுக்கிக் கோத்தேன்.
குளிர்பெட்டிக்குத் தாங்கும், ஹீட்டருக்குப் போதாது.
எத்தேரிக்கு அதில் வருத்தம்தான்.
புதுக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி
அவள் கையில் கொடுத்தேன், போனில் சொல்லவில்லை.
பெட்டியை வெளிச்சுவர் அறையில் வைக்கச் சொன்னேன்,
படிக்கட்டுக்கு அடியில் கூடாது என்று
மூன்று முறை.

அந்த வீட்டின் எண்களை அழித்தேன்.
வரைபடத்தில் பார்க்கவில்லை.
கை போனது, உண்மை.

கடைசியாக அதை வடித்தேன்.
இரண்டிரண்டாகக் கோத்த பல்புகள்
வெட்டவெளியில் எரிந்தன, இரண்டு இரவு.
ஆகஸ்டில், எங்கோ, தூங்கப்போகுமுன்
யாரோ சொருகிவிட்டுப் போன மின்சாரம்.
ஆலைச் சுவர்வரை மஞ்சளாய் விழுந்தது.

நுக்ஸாரி வந்து பார்த்தான்.
உள்ளே போய் நாற்காலி எடுத்துவந்தான்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் போட்டான்.